மட்சுயாமாவில் மாத்திரை எண்ணும் பிள்ளைகள்

ஹிரோஷிமா துறைமுகத்திலிருந்து மட்சுயாமாவுக்கு விரைவுப் படகில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய கப்பலுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அவசரமில்லாதவர்கள் பெரிய கப்பலில் போவதே நல்லது. செட்டோ உள்நாட்டுக் கடல் அலையடிக்காத கடல். சிப்பி வளர்க்கும் மிதவைகள் வரிசையாகக் கிடக்கின்றன. கடலுக்குள் சின்னச் சின்னத் தீவுகள், தெற்கே போகப்போகச் சரிவெல்லாம் ஆரஞ்சுத் தோட்டங்கள். மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டே வந்தால் ஷிகோகு தீவின் கரை வந்துவிடுகிறது.

மட்சுயாமா, எஹிமே மாநிலத்தின் தலைநகர். ஷிகோகுவின் மிகப் பெரிய நகரமும் அதுதான். மக்கள்தொகை சுமார் 5 லட்சம். ஊர் நடுவில் 132 மீட்டர் உயரக் குன்று, குன்றின் மேல் கோட்டை. கிழக்கே டோகோ வெந்நீர் ஊற்று; அங்குள்ள பழைய மரக் குளியல் மாளிகை 1894இல் எழுந்தது, பல ஆண்டுப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2024 ஜூலையில் முழுமையாகத் திறந்தது. ஊருக்குள் ஆரஞ்சு நிற டிராம் ஓடுகிறது. அதை நடத்தும் ஐயோ ரயில் நிறுவனம் 1888இலேயே ரயில் விட்ட பழைய நிறுவனம். சுற்றுலாக் கையேடுகள் இவ்வளவையும் சொல்லிவிடும்.

கையேட்டில் ஓரமாக ஒரு வரியில் வரும் செய்தி ஒன்று உண்டு: இது ஹைக்கூவின் ஊர். சிறு பிள்ளைகளுக்குக் கவிதை எழுதக் கற்றுத்தர முடியுமா, முடியுமென்றால் எப்படி என்று கேட்கிறவர்கள் கோட்டையையும் குளியலையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு, மிச்ச நாட்களை இந்த ஒரு வரிக்கு ஒதுக்கலாம். பிள்ளைகள் கவிதை எழுதுவதற்கான ஏற்பாட்டை ஒரு நகரமே செய்துவைத்திருக்கிறது.

அந்த ஏற்பாட்டின் வேர் மசாஓகா ஷிகி. 1867இல் இந்த ஊரில் பிறந்தவர். மட்சுயாமா நகர ரயில் நிலையத்துக்கு அருகே ஷோஜூ-ஜி என்ற கோயில் வளாகத்தில், 17 வயதுவரை அவர் வாழ்ந்த வீட்டைப் போலவே ஒரு வீடு கட்டிவைத்திருக்கிறார்கள். ஏழை சாமுராய்க் குடும்பத்து வீடு. சின்ன அறைகள், தாழ்ந்த கூரை. படிக்க டோக்கியோ போன ஷிகிக்குக் காசநோய் வந்தது. அது முதுகெலும்புக்குப் பரவி அவரைப் படுக்கையில் தள்ளியது. 1902 செப்டம்பர் 19ஆம் தேதி, 35 வயது நிறையும் முன்பே இறந்துபோனார். அதற்குள் இருபதாயிரத்துக்கும் மேல் ஹைக்கூ எழுதிவிட்டார். நீண்ட தொடர்கவிதையின் முதல் கண்ணியாக இருந்த மூன்று அடிகளைத் தனிக் கவிதையாக நிலைநிறுத்தி, ஹைக்கூ என்ற பெயரையும் நிலைக்கவைத்தவர் அவரே.

பிள்ளைகளுக்கு ஷிகி விட்டுப்போன சொத்து வேறொன்று. அதன் பெயர் ‘ஷாசேய்’, பார்த்ததைப் பார்த்தபடி வரைதல். நகமுரா ஃபுசெட்சு என்ற ஓவியரின் நட்பில் மேற்கத்திய ஓவியர்கள் பென்சிலால் கோடிழுக்கும் முறையைத் தெரிந்துகொண்ட ஷிகி, கவிதையும் அப்படித்தான் எழுதப்பட வேண்டும் என்றார். பழைய புலவர் சொன்ன உவமையை மறுபடி சொல்லாதே, எதிரே இருப்பதைப் பார், பார்த்ததை எழுது. கடைசி ஆண்டுகளில் அவர் பார்க்க முடிந்ததெல்லாம் பாயிலிருந்து தெரிந்த சிறு தோட்டம்தான். அதில் நுரைப்பீர்க்கங்கொடி படர்ந்திருந்தது. அந்தக் கொடியின் சாறு சளிக்கு மருந்து. இறப்பதற்கு முந்தைய நாள் அவர் எழுதிய கடைசி மூன்று கவிதைகளும் அந்தப் பீர்க்கைப் பற்றியவை. எழுந்து உட்கார முடியாத ஒருவருக்கு ஒரு கொடி போதுமானதாக இருந்தது என்றால், ‘எனக்கு எழுத ஒன்றுமில்லை, டீச்சர்’ என்று சொல்லும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் எதிரில் ஏதாவது இருக்கத்தான் செய்யும். மட்சுயாமாவின் ஆசிரியர்கள் தொடங்கும் இடம் இதுதான்.

கோட்டைக் குன்றுக்கு ரோப்காரிலோ ஒற்றை இருக்கை லிஃப்டிலோ ஏறலாம். அது கொண்டுபோய் விடும் சமதளத்தில், தபால் பெட்டியைப் போல ஒரு பெட்டி நிற்கிறது. ஷிகி, அவருடைய நண்பரும் நாவலாசிரியருமான நட்சுமே சோசெகி, ஷிகியின் தோழர் யானகிஹாரா கியோகுடோ ஆகிய மூவரின் நூற்றாண்டு விழாவையொட்டி நகராட்சி ‘ஹைக்கூப் பெட்டி’ என்று ஒன்றைத் தொடங்கியது. 1968இல் இந்தக் கோட்டைக் குன்றில்தான் முதல் பெட்டி வந்தது. இன்று ஊர் முழுக்கத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. பெட்டியோடு சீட்டுக்கட்டும் எழுதுகோலும் உண்டு. சீட்டில் கவிதைக்கு ஓர் இடம், பெயருக்கும் முகவரிக்கும் ஓர் இடம். எழுதி, மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை பெட்டிகளைத் திறந்து, தேர்வாளர்கள் படித்து, நல்லவற்றை அறிவிக்கிறார்கள். தேர்வானவர்களுக்குச் சிறு பரிசும் உண்டு.

சுற்றுலா வந்தவர் போட்ட சீட்டும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்ட சீட்டும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. இந்த ஊரில் பிள்ளைக் கவிதைக்கு இருக்கும் மரியாதையைத் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும். எழுதினால் யாரோ ஒருவர் வாங்கிப் படிப்பார் என்ற உறுதி இங்கே தெருமுனையில் நிற்கிறது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஆசிரியர் சிவப்பு மையில் ‘நன்று’ போட்டு, ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும் கவிதைக்கு இந்த உறுதி கிடையாது.

பள்ளிக்குள் என்ன நடக்கிறது? ஜப்பானிய அரசின் பாடத்திட்டம் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் எளிய தன்காவையும் (இன்னொரு மரபுக் குறுங்கவிதை) ஹைக்கூவையும் வாய்விட்டுப் படிக்கவும் மனனம் செய்யவும் சொல்கிறது. ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் உணர்ந்ததையும் கற்பனையையும் வைத்துத் தன்கா, ஹைக்கூ எழுதச் சொல்கிறது. நாடு முழுக்க இதுதான் விதி. பல பள்ளிகள் அதற்கு முன்பே, முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றன.

முதல் பாடம் விரல்களில். ஹைக்கூவுக்கு 5, 7, 5 என்று மொத்தம் 17 ஒலியலகு. இந்த அலகை ஆங்கிலக்காரர்களுக்கு விளக்குவதுதான் கடினம்; தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். நாம் மாத்திரை என்று சொல்வதன் நெருங்கிய உறவு அது. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்பது அங்கேயும் அப்படியே. டோக்கியோ என்ற ஊர்ப்பெயரில் இரண்டும் நெடில் என்பதால் நான்கு. ஒற்றெழுத்தில்தான் வேறுபாடு. தொல்காப்பியம் மெய்க்கு அரை மாத்திரை தருகிறது. ஜப்பானியம் ஒரு முழு அலகு தருகிறது. ஆகவே ‘நிப்பொன்’ என்றால் நி, ப், பொ, ன் என்று நான்கு. பிள்ளைகள் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு கைதட்டல் தட்டியோ ஒவ்வொரு விரலாக மடக்கியோ எண்ணுகிறார்கள். ஒரு கை முடிந்தால் முதல் அடி முடிந்தது. தங்கள் பெயர், தாத்தாவின் பெயர், பிடித்த தின்பண்டம் என்று எதையெதையோ எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுவதே விளையாட்டாகிவிட்ட பிறகு எழுதச் சொன்னால் தயக்கம் வருவதில்லை.

அடுத்தது பருவச்சொல். ஒவ்வொரு ஹைக்கூவிலும் காலத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது மரபு. இந்தச் சொற்களைத் தொகுத்த அகராதிகள், ‘சைஜிகி’ என்ற பெயரில், உண்டு. தவளை இளவேனில், சில்வண்டு கோடை, தட்டான் இலையுதிர்காலம். இவையெல்லாம் பெரியவர்களும் பயன்படுத்துபவை. பிள்ளைகளின் உலகமும் அதே அகராதியில் இருப்பதுதான் அருமை. ஊஞ்சல் இளவேனில் சொல். சோப்புக் குமிழியும் பலூனும் இளவேனில்தான். பள்ளியில் சேரும் நாளும் இளவேனில், ஏனென்றால் அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஐஸ்கிரீம், நீச்சல் குளம், கோடை விடுமுறை, கொம்பு வண்டு எல்லாம் கோடைக்கு. ஆரஞ்சு குளிர்காலத்துக்கு. கவிதைக்குரிய பொருள் என்று தனியாக எதையும் தேடிப் போக வேண்டாம். நீ விளையாடுவதும் தின்பதும் பெரிய புலவர்கள் புரட்டிய அதே புத்தகத்தில் இருக்கிறது என்று இதைவிட நன்றாகப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொன்று நினைவுக்கு வராமல் போகாது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மரத்தையும் பறவையையும் கருப்பொருளாக்கி, மனத்தை உரிப்பொருளாக உள்ளே பொதிந்த மரபு நம்முடையது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதும் நமக்கு உண்டு. நம் பள்ளிகளில் இது பட்டியலாக மனப்பாடமாகி, ஒரு மதிப்பெண் வினாவாக முடிந்துவிடுகிறது. மட்சுயாமாவில் அதே வகை அறிவைப் பிள்ளையின் கையில் கருவியாகக் கொடுக்கிறார்கள்.

கருவியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தருவதில் நட்சுயி இட்சுகி பெயர் பெற்றவர். எஹிமேயில் 1957இல் பிறந்தவர். எட்டு ஆண்டுகள் நடுநிலைப் பள்ளியில் மொழியாசிரியராக இருந்தவர். மட்சுயாமாவில் வாழும் ஹைக்கூக் கவிஞர். தொலைக்காட்சியில் பிரபலங்களின் கவிதைகளைத் தயவுதாட்சண்யமின்றித் திருத்துகிறவர் என்று நாடு முழுக்கத் தெரிந்த முகம். அதற்கு வெகு முன்பிருந்தே பள்ளிகளுக்கும் அரங்குகளுக்கும் போய், ஹைக்கூவே எழுதியிராதவர்களைச் சில நிமிடங்களில் ஒன்று எழுதவைப்பது அவர் வேலை.

அவருடைய வழி எளிது. பதினேழை 12 என்றும் 5 என்றும் பிரித்துக்கொள். பன்னிரண்டில் உனக்கு நடந்த எதையாவது எழுது. நேற்று, இன்று காலை, இந்த நிமிடம், எதுவானாலும் சரி. அதில் பருவச்சொல் வேண்டாம், அழகும் வேண்டாம். அதற்கு ‘ஹைக்கூ விதை’ என்று பெயர். பிறகு, அப்போது உன் மனம் எப்படி இருந்தது என்று யோசி. அந்த மனநிலைக்குப் பொருந்தும் பருவச்சொல் ஒன்றை ஐந்து அலகில் தேடி எடுத்து மேலேயோ கீழேயோ வை. முடிந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பெண் பிள்ளை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: ‘தம்பி என் கையை விடவே இல்லை’. தனியே பார்த்தால் வெறும் செய்தி. மேலே ‘தேர்த் திருவிழா’ என்று வைத்தால் கூட்டமும் மேளமும் பலூன்காரரும் வந்து நின்றுவிடுகிறார்கள். தம்பி பிடித்த பிடியில் தொலைந்துபோவோமோ என்ற அச்சம் இருக்கிறது. ‘தேர்த் திருவிழா’வை எடுத்துவிட்டு ‘முதல் இடி’ என்று வைத்தால் அதே கை இருட்டில், ஜன்னலோரத்தில், கோடைமழைக்கு முன்னால். ‘பள்ளி திறக்கும் நாள்’ என்று வைத்துப் பார்த்தால் அக்கா ஐந்தாம் வகுப்புக்கும் தம்பி ஒன்றாம் வகுப்புக்கும் போக வேண்டிய வாசல் தெரிகிறது. பயம், அன்பு, பிரிவு என்ற சொற்கள் ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் வந்துவிட்டன. இந்த ஒரு பயிற்சியைச் செய்த பிள்ளைக்குக் கவிதை என்றால் என்ன என்று தனியாக வரையறை சொல்லத் தேவையில்லை.

இதே காரணத்தால்தான் ஹைக்கூ வகுப்புகளில் ‘மகிழ்ச்சி’, ‘சோகம்’, ‘அழகு’ போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதிய பிள்ளையிடம், அப்போது உன் கை என்ன செய்தது, காதில் என்ன விழுந்தது என்று கேட்கிறார்கள். அந்தப் பதிலே கவிதையாகிறது. இந்தக் கேள்வியை எந்த மொழி ஆசிரியரும் நாளைக் காலை வகுப்பில் கேட்கலாம். செலவில்லை, பயிற்சி முகாம் வேண்டாம்.

எழுதி முடித்ததும் ‘குகாய்’. கவிதைக் கூடுகை என்று சொல்லலாம். பழங்காலக் கவிஞர் பாஷோவின் காலத்திலிருந்து வரும் கூடி எழுதும் பழக்கத்தை வகுப்பறைக்கு ஏற்றபடி சுருக்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் கவிதையைப் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதித் தருகிறார்கள். சீட்டுகளைக் கலைத்து, வேறொரு கையெழுத்தில் படியெடுத்து, எல்லோர் கைக்கும் சுற்றுக்கு விடுகிறார்கள். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தனக்குப் பிடித்ததை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னுடையதைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. பிறகு தேர்ந்தெடுத்தவற்றைச் சத்தமாக வாசித்து, ஏன் பிடித்தது என்று காரணம் சொல்ல வேண்டும். எல்லாம் பேசி முடித்த பிறகே, ‘இது யார் எழுதியது?’ என்ற கேள்வி. எழுதியவர் தன் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கிறார்.

வகுப்பின் முதல் மாணவன் எழுதியது என்பதற்காக ஒன்றும் உயர்வதில்லை. கடைசி வரிசையில் வாயே திறக்காத பிள்ளையின் கவிதையைப் பத்துப் பேர் தேர்ந்தெடுத்திருக்கலாம். அது யாருடையது என்று தெரியாமலேயே வகுப்பு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை தன் இருக்கையில் அமர்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆசிரியரின் பாராட்டைவிட இது பெரியது. இன்னொரு பயனும் உண்டு: நல்ல கவிதையைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லப் பழகிய பிள்ளை, அடுத்த முறை எழுதும்போது தன் கவிதையைத் தானே வெளியிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும். எழுத்தைக் கற்றுத்தரும் எந்த முறையிலும் இதுதான் கடினமான பகுதி. சீட்டைக் கலைப்பதிலேயே அதைச் சாதித்துவிடுகிறார்கள்.

டோகோ பூங்காவில் 1981இல் திறந்த ஷிகி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஷிகியின் கையெழுத்துப் படிகள், கடிதங்கள், 1895இல் சோசெகியோடு 52 நாட்கள் ஒரே வீட்டில் தங்கி ஊர் நண்பர்களோடு ஹைக்கூ எழுதிய கதை எல்லாம் அங்கே கிடைக்கும். சோசெகி அப்போது மட்சுயாமா நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஷிகி சீனப் போர்முனைக்குச் செய்தியாளராகப் போய் நோயோடு திரும்பியிருந்தார். பேஸ்பால் மேல் அவருக்கு இருந்த பித்தும் அங்கே தெரியும். அந்த விளையாட்டின் சொற்களை ஜப்பானியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். 2002இல் ஜப்பானிய பேஸ்பால் புகழ்மன்றத்திலும் சேர்க்கப்பட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் பாடப்புத்தகப் பெரியவராக மட்டும் இல்லாமல், மட்டை பிடித்த அண்ணனாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு வேறொரு காட்சி கிடைக்கும். 8, 1, 9 என்ற எண்களை ‘ஹ-இ-கு’ என்று ஒலிக்கலாம் என்பதால் ஆகஸ்ட் 19 ஹைக்கூ நாள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஹைக்கூவின் சுவையைக் காட்டவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதையொட்டி, 1998 முதல் மட்சுயாமாவில் ‘ஹைக்கூ கோஷியென்’ நடக்கிறது. கோஷியென் என்பது உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி நடக்கும் மைதானத்தின் பெயர். அந்தப் பெயரை அப்படியே கவிதைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஓர் அணிக்கு ஐந்து மாணவர்கள். ஒருவர் தன் ஹைக்கூவை முன்வைக்க, எதிரணி கேள்வி கேட்கிறது. இந்தப் பருவச்சொல் ஏன், இந்த வினை ஏன் கடைசியில் வந்தது என்று. பதில் சொல்ல வேண்டும். நடுவர்கள் சிவப்புக் கொடியோ வெள்ளைக் கொடியோ தூக்குகிறார்கள். கவிதைக்கும் மதிப்பெண், அதைப் படித்துணர்ந்து பேசியதற்கும் மதிப்பெண். ஒகாய்டோ கடைத்தெருவின் கூரைக்குக் கீழே முதற்சுற்று நடக்கும்போது, காய்கறிப் பையோடு போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள்.

அங்கே வாதாடும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு, ஏழு வயதில் கைதட்டி எண்ணியதன் தொடர்ச்சி அது. ஹைக்கூவைப் பிள்ளை விளையாட்டாகத் தொடங்கி வளர்ந்ததும் கைவிட்டுவிடும் நிலை இங்கே இல்லை என்பதை நேரில் பார்க்கலாம்.

பிள்ளைகளை எழுதவைக்கும் முயற்சி ஜப்பானில் ஹைக்கூவோடு நிற்கவில்லை. 1918இல் சுசுகி மியேகிச்சி ‘அகாய் டோரி’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். பள்ளிகளில் பாடவைத்த அறிவுரைப் பாட்டுகள் பிள்ளைகளின் மொழியில் இல்லை என்பது அந்த இதழைச் சுற்றியிருந்தவர்களின் குறை. கவிஞர் கிதாஹாரா ஹகுஷூ அதில் பிள்ளைகள் தாங்களே எழுதிய கட்டற்ற கவிதைகளைத் தேர்ந்து வெளியிட்டு, அவற்றைக் கவிதை என்றே மதித்து விமர்சித்தார். போருக்குப் பின், 1948இல், குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்த ஒசாகாவில் ‘கிரின்’ என்ற இதழ் வந்தது. நாவலாசிரியர் இனோவே யசுஷியும் கவிஞர் டகெனகா இகுவும் அதன் தொடக்கத்தில் இருந்தார்கள். 1971வரை அது பிள்ளைகளின் கவிதையைச் சுமந்தது. வீடே இல்லாதவர்கள் நிறைந்த நகரத்தில் பிள்ளைகள் எழுதும் கவிதைக்குத் தாளும் அச்சும் ஒதுக்கியவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் சொல்ல வேண்டும். ஒசாகாவைச் சேர்ந்த கோபயாஷி ரின் 2001இல் குறைமாதத்தில் ஒரு கிலோகூட இல்லாத எடையில் பிறந்தவர். பள்ளியில் உடல் பலவீனத்துக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டு, வகுப்புக்கே போகாமல் இருந்த காலத்தில் ஹைக்கூ எழுதினார். அசாஹி நாளிதழின் ஹைக்கூப் பகுதிக்கு அனுப்பியவை, பெரியவர்களின் கவிதைகளோடு போட்டியிட்டுத் தேர்வாயின. 2013இல், அவர் தொடக்கப் பள்ளியைத் தாண்டும் பருவத்தில், நூலாக வந்தன. எறும்பும் வண்ணத்துப்பூச்சியும் தெருவோரச் செடியும்தான் அவருடைய பொருள்கள். கவிதை அவரைக் காப்பாற்றியது என்று பெரிதாகச் சொல்ல வேண்டாம். பேச ஆளில்லாத ஒரு சிறுவனுக்கு அனுப்ப ஒரு முகவரி இருந்தது. அங்கே படிக்க ஆள் இருந்தார்கள்.

எல்லாமே பாராட்டத்தக்கவை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் ஹைக்கூப் போட்டிகள் ஏராளம். 1989இல் ஒரு தேநீர் நிறுவனம் தொடங்கிய போட்டிக்கு ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேல் கவிதைகள் வருகின்றன. பள்ளிகள் மொத்தமாக அனுப்புவது அதில் பெரும்பங்கு. வென்றவை தேநீர்ப் புட்டிகளில் அச்சாகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் விடுமுறைப் பாடமாக மூன்று ஹைக்கூ எழுதி வா என்று சொன்னால், பிள்ளை செர்ரிப் பூவையும் பாட்டி முகச் சுருக்கத்தையும் போட்டுப் பதினேழை நிரப்பிக் கொடுத்துவிடும். நடுவருக்குப் பிடிப்பது எது என்று மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. பரிசைவிடக் குகாய் மேல் என்பதற்கு இதுவே காரணம். எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் அதே ஆபத்துதான். ஒரு சொல் கூடிவிட்டது என்பதற்காக நல்ல வரியைக் கெடுக்கச் சொல்லும் ஆசிரியர் எண்ணுவதைக் கற்றுத்தருகிறார், கவிதையை அல்ல.

இதற்கு மருந்தும் மட்சுயாமாவிலேயே இருக்கிறது. ஊரின் வடக்கே, கோயில்கள் சூழ்ந்த அமைதியான பகுதியில், ‘இஸ்ஸோ-ஆன்’ என்ற சின்னக் குடில். நாடோடித் துறவியாகச் சுற்றிய கவிஞர் டனேடா சாண்டோகா 1940இல் அங்கே இறந்தார். ஐந்து-ஏழு-ஐந்தையும் பருவச்சொல்லையும் உதறிவிட்டு, இஷ்டத்துக்கு நீட்டியும் சுருக்கியும் எழுதியவர் அவர். விதியோடு எழுதிய ஷிகிக்கும் விதியை உதறிய சாண்டோகாவுக்கும் இந்த ஊர் ஒன்றுபோல இடம் கொடுத்திருக்கிறது. பிள்ளைக்கு முதலில் விதி வேண்டும், ஏனென்றால் வெற்றுத்தாள் மிரட்டும். பதினேழு என்று எல்லை போட்டால் மிரட்டாது. எழுதக் கை பழகிய பிறகு எல்லையைத் தாண்டட்டும்.

ஹைக்கூ தமிழுக்குப் புதிதல்ல. 1916 அக்டோபரில், புதுச்சேரியில் இருந்தபடி, பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ இதழில் ஜப்பானியக் கவிஞர் உயோநே நோகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுதியது. சொல் சுருக்கத்தை அவர் அதில் வியந்தார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ ஆகிய தொகுப்புகள் வந்தன. அதற்குப் பிறகு தமிழில் ஹைக்கூ எழுதாத இளைஞர் இல்லை என்னும் அளவுக்கு அது பரவியது. மாத்திரைக் கணக்கை விட்டுவிட்டு மூன்று அடியை மட்டும் வைத்துக்கொண்டோம். அதில் தவறில்லை. கல்லூரி மலர்களிலும் வார இதழ்களிலும் இருந்த அந்த வடிவம் தொடக்கப் பள்ளிக்குள் போகவில்லை என்பதுதான் இழப்பு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களில் பிள்ளைகளின் படைப்புகளுக்கு இடம் உண்டு. அனுப்ப ஒரு முகவரி நமக்கும் வந்துவிட்டது. வகுப்பில் நடக்க வேண்டிய வேலைதான் மிச்சம்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மட்சுயாமாவுக்குப் போகப் பலருக்கு வாய்க்காது. பள்ளித் தாழ்வாரத்தில் ஓர் அட்டைப் பெட்டி வைக்க எல்லோருக்கும் வாய்க்கும். பக்கத்தில் கத்தரித்த சீட்டுகளும் கயிற்றில் கட்டிய பென்சிலும் போதும். ஆடிக்காற்று, ஐப்பசி மழை, மார்கழிக் கோலம், பங்குனி வெயில், நுங்கு வண்டி, புளியம்பழம், மின்வெட்டு, பொரி உருண்டை என்று உங்கள் ஊர்ப் பருவச்சொற்களைப் பிள்ளைகளையே சொல்லவைத்துச் சுவரில் எழுதிப்போடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குப் பெட்டியைத் திறந்து, பெயரில்லாமல் வாசித்து, பிடித்ததற்குக் காரணம் கேளுங்கள். எழுத்துப் பிழையை அப்போது திருத்தாதீர்கள், திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம்.